வில்லியம் கேரி: வகுப்பறைச் சம்பளத்தில் நடந்த ஊழியம்

கேள்வி இது: "வில்லியம் கேரி 40 மொழிகளில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். ஒரே ஆளால் அது முடியுமா? அவர் போதகரா, ஆசிரியரா, அச்சகம் நடத்தியவரா? இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது?"

பணத்திலிருந்தே தொடங்குகிறேன். அதைச் சொன்னால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். கேரியின் மொழிபெயர்ப்பு, அச்சகம், பள்ளிகள் ஆகியவற்றுக்கு இங்கிலாந்திலிருந்து காணிக்கை வந்தது உண்மை. ஆனால் ஆண்டு முழுக்கத் தொடர்ந்து வந்து, வங்காளத்தில் செராம்பூர் என்ற ஊரில் இருந்த அவருடைய மிஷனைத் தாங்கியதில் பெரும்பங்கு, அவர் கல்கத்தாவில் பாடம் சொல்லி வாங்கிய மாதச் சம்பளமும், கூட்டாளிகள் நடத்திய விடுதிப் பள்ளியின் கட்டணமும், அச்சகத்துக்கு வந்த வெளிவேலைக் கூலியும்தான். அவரைப் போதகர் என்று மட்டும் பார்த்தால் பாதி ஆள்தான் கண்ணில் படுவார். வாத்தியாராகவும் பார்க்க வேண்டும்.

1761 ஆகஸ்ட் 17 அன்று இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் பாலர்ஸ்பரி என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா நெசவாளி, பிறகு ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். வெயில் பட்டால் தோல் புண்ணாகும் நோய் இருந்ததால் வயல்வேலை ஒத்துவரவில்லை. 14 வயதில் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். அங்கே உடன் வேலை செய்த பையன் ஒருவனோடு வாக்குவாதம் செய்து செய்தே, ஆங்கிலிக்கன் சபையில் பிறந்தவர் அதை விட்டு வெளியே வந்தார். 1783 அக்டோபர் 5-ல் நார்தாம்ப்டனில் நீன் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார். பாப்டிஸ்டு மரபைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துகொண்டால் மேலே படிக்க எளிது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. தானாக விசுவாசித்து அறிக்கை செய்தவருக்கே, அதுவும் தண்ணீரில் முழுவதுமாக முக்கி. இரண்டாவது, போதகரைப் பேராயர் நியமிப்பதில்லை. சபையார் கூடிக் கேட்டு, சோதித்து, அவர்களே அழைக்கிறார்கள்.

அந்தச் சோதனையில் கேரி முதல் முறை தேறவில்லை. 1785-ல் ஓல்னி சபையில் அவர் சோதனைப் பிரசங்கம் செய்தார். கேட்ட சபை, இன்னும் கொஞ்ச காலம் பழகட்டும் என்று முடிவைத் தள்ளிவைத்தது. மறு ஆண்டுதான் ஒப்புதல் கிடைத்தது. மௌல்டன் சபைக்கு 1787-ல் முறைப்படி போதகராக அபிஷேகம் செய்யப்பட்டார். அந்தச் சபை கொடுத்ததில் குடும்பம் ஓடாது. எனவே பகலில் பள்ளிக்கூடம், இரவில் செருப்பு, ஞாயிறு பிரசங்கம். பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்தப் போய்த்தான் உலகம் அவரைப் பிடித்துக்கொண்டது. பல தாள்களை ஒட்டி ஒரு பெரிய உலகப் படம் செய்து, செருப்புப் பட்டறைச் சுவரில் மாட்டினார். ஒவ்வொரு நாட்டின் மேலும் மக்கள்தொகை, மதம் என்று கிடைத்த விவரத்தைக் கையால் எழுதினார். பிற நாடுகளுக்கு மிஷனரிகளை அனுப்ப வேண்டும் என்று வாதிட்டு அவர் 1792-ல் வெளியிட்ட 87 பக்கச் சிறுநூலின் நடுப்பகுதி கிட்டத்தட்ட அந்தச் சுவர்ப்படமேதான்: நாடு, பரப்பு, மக்கள்தொகை, மதம் என்று அட்டவணை அட்டவணையாகப் போகும். அதை உணர்ச்சிப் பிரசங்கம் என்று நினைத்துத் திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 2-ல் கெட்டரிங்கில் ஒரு விதவையின் வீட்டில் சில போதகர்கள் கூடி பாப்டிஸ்டு மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்று எழுதிக்கொடுத்த வாக்குத்தொகை மொத்தம் 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ். இந்தத் தொகையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தைக் காலத்துக்கும் வங்காளத்தில் வைத்திருக்க முடியாது என்பது கேரிக்குத் தெரியும். போய்ச் சேர்ந்த இடத்தில் சொந்தமாக உழைத்துச் சாப்பிட வேண்டும் என்ற கொள்கை முதல் நாளிலிருந்தே அவரிடம் இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு கிடைக்காததால் டேனிஷ் கப்பலில் 1793 ஜூன் 13-ல் புறப்பட்டு, நவம்பர் 11-ல் கல்கத்தா வந்தார்கள். கொண்டுவந்த பணம் சீக்கிரம் கரைந்தது. சுந்தரவனப் பக்கம் கொஞ்ச நாள் தங்கிவிட்டு, 1794-ல் மால்டா பகுதியில் முத்னாபாட்டி என்ற ஊரின் அவுரித் தொழிற்சாலைக்கு மேலாளராகப் போனார். மாதம் 200 ரூபாய். அதில் 20 ரூபாயை வங்காளம் கற்றுக்கொடுத்த முன்ஷி ராம்ராம் பாசுவுக்குக் கொடுத்தார். அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு மொழி ஆசிரியருக்கு. அவுரி வேலைக்குப் பருவம் உண்டு. ஆண்டில் சில மாதம்தான் நெருக்கடி. மீதி நேரம் படிப்பு, மொழிபெயர்ப்பு, ஊர் ஊராகப் பிரசங்கம்.

இங்கேதான் குடும்பம் உடைந்தது. மனைவி டாரதிக்குத் திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாது, கீறல்தான் போட்டார். முதலில் வரமாட்டேன் என்றவர், தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று பச்சைக் குழந்தையோடு கப்பலேறினார். 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலில் இறந்தான். மறு ஆண்டிலிருந்து டாரதியின் மனம் பிறழ்ந்தது. 1807 டிசம்பரில் இறக்கும் வரை 12 ஆண்டுகள் அவர் தெளியவே இல்லை. பக்கத்து அறையில் அவர் கத்திக்கொண்டிருக்க, கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார் என்பதைச் சிலர் பக்திக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. பையன்களும் கட்டுப்பாடில்லாமல் திரிந்தார்கள். பின்னால் செராம்பூரில் கூட்டாளி வார்டும், இன்னொரு கூட்டாளி மார்ஷ்மனின் மனைவி ஹன்னாவும் சேர்ந்துதான் அவர்களை ஒரு வழிக்குக் கொண்டுவந்தார்கள். ஊருக்கெல்லாம் ஆசிரியராக இருந்தவர் வீட்டில் விட்ட குறை அது.

1800 ஜனவரி 10-ல் செராம்பூருக்குக் குடிபெயர்ந்தார். ஹூக்ளிக் கரையில், கல்கத்தாவுக்கு ஏறக்குறைய 24 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் அந்த ஊர் அப்போது டென்மார்க்கின் வசம். கம்பெனி அங்கே கை வைக்க முடியாது. இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திருந்த ஜோஷுவா மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர். வில்லியம் வார்டு அச்சுத் தொழிலாளி. வேலை இயல்பாகவே பிரிந்தது: மொழி கேரிக்கு, பள்ளி மார்ஷ்மன் தம்பதிக்கு, அச்சகம் வார்டுக்கு. யார் எவ்வளவு சம்பாதித்தாலும் பொதுப் பணப்பெட்டிக்குப் போகும். அதிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் சிறு படி. சாப்பாடு ஒரே மேசையில். 1805-ல் 11 அம்சங்கள் கொண்ட ஓர் உடன்படிக்கை எழுதி, ஜனவரி, மே, அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிறுகளில் ஒவ்வொரு நிலையத்திலும் உரக்க வாசிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். பணத்தகராறில் உடைந்த மிஷன்கள் எத்தனையோ உண்டு. இந்த மூவரும் சாகும்வரை பிரியவில்லை என்பதற்கு அந்தப் பணப்பெட்டி ஏற்பாடே பெரிய காரணம் என்பேன்.

ஏழு ஆண்டு காத்திருந்து கிடைத்த முதல் வங்காள விசுவாசி கிருஷ்ண பால், ஒரு தச்சர். கை மூட்டு விலகியபோது மிஷனின் மருத்துவர் ஜான் தாமஸ் சரிசெய்தார். பழக்கம் அதில் தொடங்கியது. ஞானஸ்நானத்துக்கு முன்பே அவர் மிஷனரிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுத் தன் ஜாதியை விட்டார். 1800 டிசம்பர் 28 ஞாயிறன்று ஹூக்ளியில் கேரி முதலில் தன் மகன் ஃபீலிக்ஸையும் அடுத்து கிருஷ்ண பாலையும் முக்கி எடுத்தார். டேனிஷ் ஆளுநர் கரையில் நின்று கண் கலங்கினார். அதே நேரம், மகிழ்ச்சி தாங்காமல் சித்தம் கலங்கிய தாமஸை ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். இன்னொரு அறையில் டாரதி. படங்களில் ஆற்றங்கரை மட்டும்தான் இருக்கும்.

ஜாதி விஷயத்தில் செராம்பூர் சபை எடுத்த நிலையைத் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். தரங்கம்பாடி லுத்தரன் சபைகளில் ஆராதனையில் ஜாதிவாரியாகத் தனித்தனியாக உட்கார இடம்கொடுத்திருந்தார்கள். கேரி அதற்குத் தொடக்கத்திலேயே கதவைச் சாத்தினார். திருவிருந்தில் எல்லாருக்கும் ஒரே பாத்திரம். 1803-ல் பிராமணரான கிருஷ்ண பிரசாத் தச்சர் கிருஷ்ண பாலின் மகளை மணந்தார். மரத்தடியில் கல்யாணம், பிறகு எல்லாரும் ஒரே பந்தியில் விருந்து. சபையில் ஆள் சேர்வது இதனால் மெதுவானது. அது தெரிந்தும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இனி வகுப்பறைக்கு வருவோம். கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு இந்திய மொழிகளைக் கற்றுத்தர தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி 1800-ல் கோட்டை வில்லியம் கல்லூரியைத் தொடங்கினார். வங்காளத்துக்கு ஆள் தேடியபோது கேரியை விட்டால் வேறு ஆள் இல்லை. 1801-ல் மாதம் 500 ரூபாய்க்குச் சேர்ந்தார். பிறகு சமஸ்கிருதமும் மராத்தியும் அவர் பொறுப்புக்கு வந்தன. பேராசிரியர் பட்டம் ஆங்கிலிக்கன் சபையாருக்கே உரியது என்பது கல்லூரி விதி. பாப்டிஸ்டான கேரி வெறும் 'ஆசிரியர்' என்றே வைக்கப்பட்டார். 1807-ல்தான் பேராசிரியர் ஆனார். சம்பளம் 1000 ரூபாய். அது முழுவதும் பொதுப் பணப்பெட்டிக்கே போனது. கல்லூரிக்கும் ஆளுநர் மாளிகைக்கும் போட்டுப்போக மரியாதையான உடை வேண்டுமே என்று அவருக்கு மட்டும் தனியாக ஒரு சிறு தொகை ஒதுக்கினார்கள்.

முதல் நாளிலேயே ஒரு சிக்கல். பாடம் நடத்த வங்காள உரைநடையில் புத்தகமே இல்லை. செய்யுள் நிறைய, உரைநடை என்றால் கடிதமும் பத்திரமும்தான். எனவே ஆசிரியரே புத்தகம் உண்டாக்க வேண்டியதாயிற்று. 1801-லேயே கேரி ஓர் இலக்கணம் எழுதினார். ராம்ராம் பாசு பிரதாபாதித்ய ராஜாவின் வரலாற்றை எழுதினார். தலைமைப் பண்டிதர் மிருத்யுஞ்சய் வித்யாலங்கார் அடுத்தடுத்து எழுதினார். அதே ஆண்டு வந்த 'கதோபகதன்' என்ற உரையாடல் நூலில் கூலியாள், மீன்காரி, ஜமீன்தாரும் குடியானவரும் பேசுவது, பெண்கள் தெருச்சண்டையில் வசைபாடுவது எல்லாம் பேச்சு வழக்கிலேயே இருக்கின்றன. நாளைக்கு மாவட்டத்தில் நீதி சொல்லப்போகிற 18 வயது வெள்ளைக்காரப் பையனுக்கு இலக்கிய மொழி மட்டும் தெரிந்து என்ன பயன் என்ற வாத்தியார் கணக்கு அது. வங்காள உரைநடை வரலாறு எழுதுகிறவர்கள் கேரியின் வேதாகமத்தை விட இந்தப் பாடநூல்களையே அதிகம் பேசுகிறார்கள். அது நியாயம்தான்.

1806 ஜூன் 12-ல் அவர் எழுதிய ஒரு கடிதத்தில் அன்றைய நாள் மணி மணியாக இருக்கிறது. காலை 5.45-க்கு எழுந்து எபிரேய வேதாகமத்தில் ஓர் அதிகாரம். ஏழு மணிக்கு வேலைக்காரர்களோடு வங்காளத்தில் குடும்ப ஜெபம். தேநீர் தயாராவதற்குள் முன்ஷியோடு பாரசீகம். சிற்றுண்டிக்கு முன் இந்துஸ்தானியில் ஒரு பகுதி. பிறகு பத்து மணி வரை பண்டிதரோடு ராமாயணத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பது. பத்திலிருந்து ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் வரை கல்லூரி. திரும்பியதும் எரேமியாவின் வங்காள மெய்ப்பு. சாப்பிட்டபின் ஆறு மணி வரை மத்தேயு 8-ஆம் அதிகாரம் சமஸ்கிருதத்தில். ஆறுக்கு மேல் தெலுங்குப் பண்டிதரிடம் பாடம். ஏழு மணிக்குப் பிரசங்கக் குறிப்பைச் சேர்க்கத் தொடங்கி, ஏழரைக்கு ஆங்கிலத்தில் பிரசங்கம். வந்தவர்கள் 40 பேர். அவர்களில் ஒருவர் நீதிபதி. புதிய ஆலயத்துக்கு அவரிடம் 500 ரூபாய் வாங்கினார். கேரியின் ஒரு மாதச் சம்பளம் அது. ஒன்பது மணிக்கு மேல் எசேக்கியேல் 11 வங்காளத்தில், பதினொன்றுக்குக் கடிதம், கடைசியாகக் கிரேக்கத்தில் ஓர் அதிகாரம். பிரசங்கத் தயாரிப்புக்குக் கிடைத்தது அரை மணி என்பதைப் பாருங்கள். அன்று காலையிலிருந்து அவர் கையில் இருந்த வேதப்பகுதிகளே தயாரிப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சரி, 40 மொழிகள்? செராம்பூர் அச்சகத்திலிருந்து ஏறக்குறைய 40 மொழிகளிலும் கிளைமொழிகளிலும் வேதப்பகுதிகள் வந்தன, அது உண்மை. முழு வேதாகமம் வந்தவை வங்காளம், சமஸ்கிருதம், ஒரியா, இந்தி, மராத்தி, அசாமியம் என ஆறு. மற்றவற்றில் சிலவற்றுக்குப் புதிய ஏற்பாடு, சிலவற்றுக்குச் சில புத்தகங்கள் மட்டும். சீன மொழி வேலை மார்ஷ்மனுடையது. தமிழை இந்தப் பட்டியலில் சேர்த்து "கேரியின் தமிழ் வேதாகமம்" என்று பேசுவது தவறு. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715-லேயே அச்சாகிவிட்டது. அதன்பின் பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பும் இருந்தது.

வேலை நடந்த முறை இது. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பண்டிதர். கையில் இருக்கும் சமஸ்கிருத, வங்காள, இந்திப் பெயர்ப்புகளைப் பார்த்து அவர் தன் மொழியில் முதல் வரைவு எழுதுவார். கேரி அவரோடு உட்கார்ந்து, கிரேக்க எபிரேய மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். அச்சுக் கோத்த மெய்ப்பை மறுபடி இருவரும் பார்ப்பார்கள். வட இந்திய மொழிகளில் முக்கால்வாசிச் சொற்கள் சமஸ்கிருதத்திலிருந்து வருகின்றன, எனவே விகுதிகளைக் கற்றால் போதும் என்பது கேரியின் நம்பிக்கை. தவறு பிறந்ததும் இங்கேதான். வேர்ச்சொல் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஊருக்கு ஊர் மாறும். வாக்கிய ஓட்டமும் மாறும். பஞ்சாபிக்கும் மார்வாரிக்கும் செராம்பூரில் இருந்தது தலா ஒரு பண்டிதர்தான். அவர் எழுதியதை வாசித்துக்காட்டிச் சோதிக்க அந்த ஊர் ஜனம் பக்கத்தில் இல்லை. வங்காளத்தில் மட்டும் தெருவில் பிரசங்கித்து, ஜனம் எங்கே முகம் சுளிக்கிறது என்று பார்த்துத் திருத்த முடிந்தது. அதனால்தான் வங்காளப் புதிய ஏற்பாட்டை எட்டுப் பதிப்பு வரை திருத்திக்கொண்டே இருந்தார். கிளைமொழிப் பெயர்ப்புகள் பல ஒரே பதிப்போடு நின்றுபோயின.

அச்சகத்தில் எழுத்து உண்டாக்குவது தனி வித்தை. எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துக் குழி உண்டாக்கி, குழியில் ஈயக் கலவையை ஊற்றி எழுத்து வார்க்க வேண்டும். செதுக்கிய பஞ்சானன் கர்மகார், வங்காள எழுத்தை முதலில் வார்த்த சார்லஸ் வில்கின்ஸிடம் தொழில் பழகியவர். தேவநாகரிக்குக் கூட்டெழுத்துகளோடு ஏறக்குறைய 700 வடிவம் தேவைப்பட்டது; அவருக்குப் பின் மருமகன் மனோகர் வேலையைத் தொடர்ந்தார். 1801-ல் வந்த வங்காளப் புதிய ஏற்பாடு 2000 பிரதி. உள்ளூர்க் காகிதத்தை அரிசிக் கஞ்சி பூசித்தான் செய்வார்கள். பூச்சிக்கு அது விருந்து. பின்பக்கம் அச்சாகும் முன்னே முன்பக்கம் ஓட்டையாகும். கூழில் பாஷாணம் கலந்து சொந்தக் காகிதம் செய்து அதைத் தடுத்தார்கள். 1820-ல் காகித ஆலைக்கு இங்கிலாந்திலிருந்து நீராவி இயந்திரமே வந்தது.

1812 மார்ச் 11 மாலை அச்சகம் தீப்பிடித்தது. 200 அடி நீளக் கூடம். கேரி கல்கத்தாவில் வகுப்பில் இருந்த வாரம். மறுநாள் காலை மார்ஷ்மன் போய்ச் சொன்னார். தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகள், காகிதம், கேரியின் பன்மொழி அகராதிக் கையெழுத்துப்படி, ராமாயணப் பெயர்ப்பின் பகுதிகள் எல்லாம் போயின. அச்சு இயந்திரங்களும், இடிபாட்டுக்குள் கிடந்த எஃகு அச்சுகளும் செம்புக் குழிகளும் தப்பின. எனவே உருகி ஓடிய ஈயத்தையே அள்ளி உடனே மறுபடி வார்க்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் இரண்டே மாதத்தில் 10,000 பவுன் சேர்ந்தது. கையெழுத்துப்படிகளுக்குத்தான் நகல் கிடையாது.

பள்ளிகள் பற்றிச் சுருக்கமாக. 1818-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப் பள்ளிகள், பாடம் தாய்மொழியில். புத்தகம் ஆளுக்கொன்று கொடுக்கக் கட்டாது என்பதால் பாடத்தைப் பெரிய அட்டைகளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டினார்கள். மூத்த மாணவன் வாசிக்க மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். அதே ஆண்டு 37 மாணவர்களோடு செராம்பூர் கல்லூரி தொடங்கியது. கிறிஸ்தவரோடு இந்துக்களும் சேர்ந்தார்கள். 1827-ல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனம் கொடுத்தார். தமிழ்நாட்டு இறையியல் கல்லூரிகளில் இன்றும் 'செராம்பூர் பட்டம்' என்று சொல்வது அந்தச் சாசனத்தின் வால்தான். கேரி அங்கே இறையியலோடு தாவரவியலும் நடத்தினார்.

1829 டிசம்பரில், கணவன் சிதையில் விதவையை எரிக்கும் சதி வழக்கத்தைத் தடைசெய்யும் தலைமை ஆளுநர் பெண்டிங்கின் ஆணை, வங்காளத்தில் பெயர்க்கக் கேரிக்கு அனுப்பப்பட்டது. வந்து சேர்ந்தது ஞாயிறு காலை, பிரசங்கத்துக்குக் கிளம்பும் நேரம். கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு, வேறொருவரைப் பிரசங்கத்துக்கு அனுப்பி, பண்டிதரோடு உட்கார்ந்து பொழுது சாயுமுன் முடித்தார். கல்கத்தாவைச் சுற்றி 30 மைலுக்குள் ஓராண்டில் 400-க்கும் மேற்பட்ட பெண்கள் எரிந்த கணக்கைக் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஆள் வைத்து எடுத்தவர்களில் அவர் ஒருவர். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் யாராவது ஒருத்தி போவாள் என்பது அவருக்குத் தெரியும்.

கடைசிக் காலம் சுகமாக இல்லை. செராம்பூர்ச் சொத்து யாருடையது என்ற வழக்கில் 1827-ல் தாய்ச் சங்கத்தோடு உறவு முறிந்தது. 1830-ல் பாமர் கம்பெனி திவாலாகி, அதைத் தொடர்ந்து மற்ற வணிக நிறுவனங்களும் விழுந்து, போட்டிருந்த பணம் போயிற்று. கல்லூரிப் பதவியும் முடிந்து பாதிச் சம்பளம் ஓய்வூதியமானது. 1834 ஜூன் 9-ல் இறந்தார். உயிலில், மிஷன் வளாகத்தில் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று எழுதியிருந்தார். கிளிஞ்சல், பவளம், பூச்சிச் சேகரிப்பு கல்லூரிக்கு. மகன் ஜாபேஸுக்கு 1500 ரூபாய் தரவேண்டியிருந்தது. மாதம் 1000 ரூபாய் வாங்கியவர் கையில் அந்தத் தொகை ரொக்கமாக இல்லாததால், தன் புத்தகங்களை விற்று அதைக் கொடுக்கும்படி எழுதி வைத்தார்.